ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: தமிழ் மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோச்சிங் சென்டரில் வகுப்பெடுப்பவர்கள், கல்லூரியில் கூடுதல் பொறுப்பாக இதையும் பார்க்கும் ஆங்கிலத் துறை ஆசிரியர்கள், வீட்டில் நாலைந்து பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே, வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் குடியேறவும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் ஸ்பீக்கிங் பகுதி பற்றியவை. லிஸனிங், ரீடிங், ரைட்டிங் என்ற மற்ற மூன்று பகுதிகளுக்கும் மாதிரித் தாள்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மாணவர் தானே உட்கார்ந்து பயிற்சி செய்துகொள்ளலாம். பேச்சுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

ஸ்பீக்கிங் தேர்வில் என்னென்ன நடக்கும்?

ஓர் அறை, ஒரு தேர்வாளர், ஒரு மாணவர், ஒலிப்பதிவுக் கருவி. மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இந்தத் தேர்வில் உள்ள இரண்டு வகைக்கும் ஸ்பீக்கிங் ஒன்றுதான். மற்ற மூன்று பகுதிகள் நடக்கும் அதே நாளிலும் வைக்கலாம், வேறு நாளிலும் வைக்கலாம்.

பெயர் கேட்டு பாஸ்போர்ட்டைச் சரிபார்த்ததும் முதல் பகுதி தொடங்கும். 4 அல்லது 5 நிமிடம் ஊர், வீடு, படிப்பு, வேலை, சாப்பாடு, விடுமுறை என்று சொந்த விஷயங்களைக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு கார்டு கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பும் அதையொட்டிச் சில குறிப்புகளும் இருக்கும். யோசிக்க 1 நிமிடம். தாளும் பென்சிலும் தருவார்கள். பிறகு 1 முதல் 2 நிமிடம் மாணவர் தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் பகுதி மறுபடி 4 அல்லது 5 நிமிடம். கார்டில் வந்த விஷயத்தையே சமூகம், காலமாற்றம், காரணம், விளைவு என்று விரித்துக் கேட்பார்கள்.

முதல் இரண்டு பகுதிகளில் தேர்வாளர் எழுதி வைத்த கேள்விகளைத்தான் கேட்பார். மூன்றாம் பகுதியில்தான் மாணவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு 'ஏன்?' என்று மேலே போவார். மாதிரித் தேர்வு வைக்கும்போது இந்த வித்தியாசத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். முதல் பகுதியிலேயே குறுக்குக்கேள்வி கேட்டுப் பழக்கிய மாணவர், உண்மைத் தேர்வில் தேர்வாளர் சட்டென்று அடுத்த கேள்விக்குப் போகும்போது தன் பதில் தப்போ என்று குழம்புகிறார்.

மதிப்பெண் எதைப் பார்த்துப் போடுகிறார்கள்?

நான்கு விஷயங்களைப் பார்த்து: தடங்கலின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. ஒருவருக்கு முறையே 7, 6, 6, 7 வந்தால் சராசரி 6.5. ஒவ்வொரு பேண்டுக்கும் (மதிப்பெண் நிலைக்கு இங்கே அதுதான் பெயர்) என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விவரப் பட்டியலை ஐஇஎல்டிஎஸ் அமைப்பே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. வகுப்புத் தொடங்கும் முன் அதில் 5, 6, 7 ஆகிய மூன்று வரிசைகளை மட்டுமாவது ஊன்றிப் படியுங்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் நிற்பது அங்கேதான்.

அதைப் படித்தாலே பல பயங்கள் போய்விடும். 7 பேண்டுக்குக்கூட முழுக்கப் பிழையில்லாத இலக்கணம் கேட்கவில்லை. பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வந்தால் போதும், சில பிழைகள் மிச்சமிருக்கலாம் என்றே இருக்கிறது. பொது அறிவுக்கும் தேர்வாளரோடு கருத்து ஒத்துப்போவதற்கும் வெள்ளைக்காரர் போல் பேசுவதற்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

எவ்வளவு பேண்ட் தேவைப்படும்?

போகிற இடத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவுசெய்ய அங்குள்ள நர்சிங் கவுன்சில் ஸ்பீக்கிங்கில் 7 கேட்கிறது. ரைட்டிங்கில் 6.5 போதும் என்று 2018 இறுதியில் தளர்த்தினார்கள், ஸ்பீக்கிங்கில் தளர்த்தவில்லை. கனடா குடியேற்றத்தில் சிஎல்பி (அந்நாடு மொழித் திறனை அளக்கும் படிநிலை) 7 என்ற நிலைக்கு ஸ்பீக்கிங் 6, சிஎல்பி 9 நிலைக்கு 7. பல்கலைக்கழகங்கள் படிப்புக்குப் படிப்பு வேறு வேறு எண் வைத்திருக்கின்றன. மாணவர் விண்ணப்பிக்கும் இடத்தின் இணையதளத்தைப் பார்த்து எண்ணை அவரே எழுதிக்கொண்டு வரட்டும். ஏஜென்ட் சொன்னார் என்பதை வைத்துப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

பதில்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பத்தாவது, பன்னிரண்டாவதில் கட்டுரையை நெட்டுரு போட்டே மார்க் வாங்கிய பிள்ளைகள், இங்கேயும் அதையே கேட்பார்கள். நாமும் பாவம் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறோம். என்ன ஆகிறது? மனப்பாடப் பதிலுக்கு ஒரு தனி ராகம் உண்டு. அதுவரை யோசித்து நிதானமாகப் பேசிய பிள்ளை திடீரென்று மூச்சுவிடாமல் ஒரே சுருதியில் ஒப்பிக்கும். கண் மேலே போகும். சொற்கள் அதன் வாய்க்குப் பொருந்தாதவையாக இருக்கும். நாள் முழுக்க இதே வேலையாக இருக்கும் தேர்வாளருக்கு அது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஒப்பித்த பகுதியை மாணவரின் சொந்தத் திறமைக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். அடுத்த கேள்வியில் சொந்தமாகப் பேச வேண்டிவரும்போது தரம் இறங்குவதும் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. நெட்டுருப் போட்ட பிள்ளைக்குத் தேர்வறையில் வரும் பயம், மறந்துவிடுமோ என்ற பயம். சொந்தமாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு மறக்க எதுவும் இல்லை.

கார்டுத் தலைப்புகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 'இந்த மாதக் கேள்விகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைப் பயிற்சிக்குத் தலைப்பு எடுக்க வைத்துக்கொள்ளலாம். அதை நம்பிப் பதில் எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே தருகிறோம், பேண்டுக்கு உத்தரவாதம் தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் பக்கமே பிள்ளைகளை விடாதீர்கள்.

'கார்டைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை' என்கிறார்களே?

தோன்றாதது ஆங்கிலத்தால் அல்ல. தேர்வுக்குப் 'பெரிய' விஷயம்தான் சொல்ல வேண்டும் என்று நினைப்பதால். பிரபலமான மனிதர் என்றால் அப்துல் கலாம், பிடித்த இடம் என்றால் ஊட்டி, பரிசு என்றால் லேப்டாப். அவர்களுக்கே அதில் சொல்ல இரண்டு வரிக்கு மேல் இருப்பதில்லை.

ஒரு மாணவிக்கு நான் கொடுத்த தலைப்பு: உங்களுக்கு ஏதாவது ஒரு திறமையைக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சாரைப் பற்றித் தொடங்கினார். நல்லவர், பொறுமையானவர், நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான், நின்றுவிட்டார். 'வீட்டில் யாரும் உனக்கு எதுவும் கற்றுத் தரவில்லையாம்மா?' என்று கேட்டேன். அத்தை பூக்கட்டச் சொல்லித் தந்தார் என்றார், அதையெல்லாம் தேர்வில் சொல்லலாமா என்ற தயக்கத்தோடு. அதையே சொல்லச் சொன்னேன். தாளில் ஆறு சொல் எழுதினார், தமிழில்: அத்தை, நிலக்கோட்டை, லீவு, நார், முழம், கோபம்.

பிறகு பேச்சு ஓடியது. கோடை விடுமுறையில் நிலக்கோட்டைக்குப் போனது, விடியும் முன் வரும் மல்லிகை மொட்டு, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து முடிச்சுப் போடுவது, தொய்வாகக் கட்டினால் அத்தை முழுவதையும் உருவிப் போட்டுவிடுவது. வாழைநாருக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் ஒரு நொடி நின்றவர், 'எ தின் ஸ்ட்ரிங் வீ டேக் ஃப்ரம் தி பனானா ஸ்டெம்' என்று சொல்லித் தாண்டினார். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்லும் இந்தத் திறனையும் சொல்வளத்தில் கணக்கில் எடுக்கிறார்கள். முழம் என்பதைக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே விளக்கினார். இரண்டு நிமிடம் போதவில்லை.

ஆகவே முதல் சில வகுப்புகளில் ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு மாணவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஏழெட்டு ஆட்கள், இடங்கள், பொருள்கள், சம்பவங்களைப் பட்டியலிட்டுக்கொள்ளட்டும். ஒரே அத்தையை 'திறமை கற்றுத் தந்தவர்', 'நான் மதிக்கும் உறவினர்', 'கையால் செய்த பொருள்', 'மறக்க முடியாத விடுமுறை' என எத்தனையோ கார்டுக்குள் கொண்டுவரலாம். கார்டில் உள்ள குறிப்புகள் பேச்சை நகர்த்த உதவத்தான். குறிப்புக்கு இவ்வளவு என்று தனி மார்க் இல்லை. தலைப்பை விட்டு விலகாமல் இருந்தால் சரி.

ஒரு நிமிடக் குறிப்பை வாக்கியமாக எழுதவிடாதீர்கள். முதல் வாக்கியம் முடிவதற்குள் நிமிடம் போய்விடும். அந்தத் தாளை யாரும் திருத்தப்போவதில்லை, தமிழிலேயே எழுதட்டும்.

சொல்வது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டுமா?

தேவையில்லை, யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் பொய் சொல்லும்போது கதையையும் யோசிக்க வேண்டும், ஆங்கிலத்தையும் யோசிக்க வேண்டும். உண்மை என்றால் ஒரு சுமை குறைவு.

திக்கித் திக்கிப் பேசும் மாணவரை எப்படிச் சரளமாக்குவது?

எங்கே திக்குகிறார் என்று முதலில் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும்; பெயரை விவரிக்கும் தொடர் பெயருக்கு முன்னால் வரும். 'நேற்று எங்கள் வீட்டுக்கு வந்த பையன்' என்று முழுவதையும் கட்டி முடித்த பிறகுதான் தமிழ் மனம் பேசத் தொடங்கும். அதை ஆங்கிலத்தில் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருப்பதால் வாக்கியம் தொடங்கும் முன்பே நீண்ட மௌனம் விழுகிறது. ஆளையும் வினையையும் முதலில் போட்டுவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகப் பின்னால் ஒட்டப் பழக்குங்கள்: 'ஐ மெட் எ பாய்', அப்புறம் 'ஹூ கேம் டு அவர் ஹவுஸ்', அப்புறம் 'எஸ்டர்டே'. ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் சிறு நிறுத்தம் இருக்கலாம், அது இயல்பாகவே கேட்கும். வகுப்பில் ஒருவர் தொடங்க அடுத்தவர் ஒரு துண்டு ஒட்ட, மூன்றாமவர் இன்னொன்று ஒட்ட என்று விளையாட்டாகவே செய்யலாம்.

அடுத்தது, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசவைப்பது. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழிக் கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் 1989இல் எழுதிப் பரவலாக்கிய 4-3-2 முறை நம் வகுப்புகளுக்கு மிகவும் பொருந்துகிறது. மாணவர் ஒரு தலைப்பை ஒரு நண்பரிடம் 4 நிமிடம் பேசுவார். அதையே வேறொருவரிடம் 3 நிமிடத்தில். மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். கேட்பவர் மாறுவதால் அலுப்புத் தட்டாது, நேரம் குறைவதால் தேவையற்ற நிறுத்தங்கள் தானாக உதிர்ந்துபோகும். நம் பிள்ளைகளில் பலருக்கு 4 நிமிடம் அதிகம். 2 நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யோசிக்க நேரம் வேண்டும்போது 'லெட் மீ திங்க்', 'ஐ ஹேவ் நெவர் தாட் அபவுட் இட்' என்பது போல் ஒன்றிரண்டு சொல்லலாம். 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' இரண்டும் வாக்கியத்துக்கு வாக்கியம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பேசுவதைச் சரளம் என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகளையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர்கள் சொல்வது எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

தமிழ் உச்சரிப்பு வாடை இருந்தால் மார்க் குறையுமா?

வாடை இருப்பதற்காக மட்டும் குறையாது. கேட்பவர் சிரமப்படாமல் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் அளவுகோல். அமெரிக்க ராகம் பழக்க முயல்வது வீண்வேலை. பாதி அமெரிக்கா, பாதி மதுரை என்று ஆகி, இருந்த தெளிவும் போய்விடும். புரிதலைக் கெடுக்கும் சில இடங்கள் தமிழர்களுக்கு என்றே இருக்கின்றன. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சொல்லின் கடைசி மெய். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது நன்னூல் படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் நம் நாக்கு 'புக்' என்பதைப் 'புக்கு' ஆக்கும், 'பஸ்' 'பஸ்ஸு' ஆகும், கூடவே ஒரு குட்டி உகரம். இதுகூடப் பரவாயில்லை. இறந்தகால விகுதியில்தான் உண்மையான சேதம். 'ஆஸ்க்ட்', 'வாக்ட்', 'ஹெல்ப்ட்' என்று இரண்டு மூன்று மெய் நெருங்கும் இடத்தில் கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். மாணவருக்கு இறந்தகாலம் நன்றாகத் தெரியும். தேர்வாளர் காதில் விழுவதோ நிகழ்காலம். உச்சரிப்பில் ஒரு குறை, இலக்கணத்திலும் ஒரு குறை. பன்மையின் கடைசி 'ஸ்' ஒலியும் இப்படியே காணாமல் போகும். தினமும் ஐந்து நிமிடம் இந்தக் கடைசி ஒலிகளுக்காகவே ஒதுக்கினாலும் தகும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதோடு ஒட்டிச் சொல்லப் பழக்குங்கள், சுலபமாக வரும்.

இரண்டாவது, 'எ'யில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரமும் 'ஒ'வில் தொடங்குவதற்கு முன் வகரமும் சேர்ப்பது: 'யெவ்ரி', 'வொன்லி'. பேச்சுத் தமிழில் 'யென்ன', 'வொண்ணு' என்கிறோமே, அதே பழக்கம். சுட்டிக்காட்டினால் சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது, வல்லினத்தின் இரட்டை ஒலி. தமிழில் ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒருவிதமாகவும் நடுவில் வேறுவிதமாகவும் ஒலிக்கும். பம்பரத்தின் முதல் பகரத்தையும் நடுப் பகரத்தையும் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு வேறு எழுத்து, மாற்றினால் பொருளே மாறிவிடும். தொண்டையில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று மாணவரே பார்க்கட்டும். இருந்தால் ஓர் ஒலி, இல்லாவிட்டால் இன்னொன்று. சகர-ஷகரம், பகர-ஃபகரம் மயங்குபவர்களுக்கும் சோடி சோடியாகச் சொற்களைக் கொடுத்துப் பழக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை எழும்பி நிற்கும், மற்றவை தேய்ந்துபோகும். 'டெவலப்' என்ற சொல்லில் பலம் இரண்டாவது அசையில். நம்மவர்கள் முதல் அசையில் போடுகிறார்கள். ஒலிகள் சரியாக இருந்தும் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாணவர் தன் படிப்பு, வேலை, ஊர் பற்றி அடிக்கடி சொல்லும் முப்பது நாற்பது சொற்களை எடுத்து, அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்து, மேசையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்க்கட்டும். எல்லாச் சொற்களுக்கும் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

இலக்கணத்தில் எதை முதலில் சரிசெய்வது?

ஒரே மாணவர் வாயில் திரும்பத் திரும்ப வருவதை. நம்மிடம் பொதுவாக வருபவை இவை. 'எனக்கு இரண்டு அண்ணன் இருக்கிறார்கள்' என்பதை 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது. தினமும் செய்யும் காரியத்துக்கு 'ஐ யூஸ்டு டு' போடுவது. கேட்பவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டதாகவே புரிந்துகொள்வார். 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபவுட்' சேர்ப்பது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று கடைசிப் பன்மையை விட்டுவிடுவது. 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயர் சொல்வது.

அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'அவங்க' மனதில் இருப்பதால் 'தே' என்று வருவதையும், ஆசிரியையைப் பற்றிப் பேசும்போது 'அவர்' மனதில் இருப்பதால் 'ஹி' என்று வருவதையும் கவனித்திருப்பீர்கள். மரியாதையால் வரும் பிழை அது. இதற்குத் தீர்வு, குடும்பத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நிமிடம் பேசவைத்துக்கொண்டே இருப்பதுதான்.

எளிய வாக்கியங்களை மட்டும் பிழையில்லாமல் சொல்பவரும் ஓரிடத்தில் நின்றுவிடுவார், ஏனென்றால் வாக்கிய வகைகளும் மதிப்பெண்ணில் சேரும். 'இஃப்', 'ஆல்தோ', 'விச்' போட்டு நீட்டிப் பேசும் துணிச்சலும் வேண்டும், நடுவில் சறுக்கினாலும் பரவாயில்லை.

தவறு செய்யும்போதே திருத்தலாமா?

பேச்சுப் பயிற்சியின்போது வேண்டாம். வாக்கியத்தின் நடுவில் திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த வாக்கியத்தைப் பயந்துகொண்டே தொடங்கும். குறித்துக்கொண்டு, முடிந்ததும் இரண்டே விஷயம் சொல்லுங்கள். நன்றாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லிக் காட்டுவதும் முக்கியம். தன் வாயிலிருந்து வந்த நல்ல ஆங்கிலத்தை அந்தப் பிள்ளை அடையாளம் கண்டுகொள்ளும்.

கடினமான சொற்களும் மரபுத்தொடர்களும் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' போன்ற பத்துத் தொடர்களைக் கொடுத்து எங்கேயாவது நுழைத்துவிடு என்பது வழக்கமாகிவிட்டது. இடம் பொருந்தாமல் வந்தால் அதனால் பயன் இல்லை. ஒரு சொல்லோடு இயல்பாகச் சேரும் சொல் எது என்பதைக் கற்றுக்கொடுங்கள்: மழை 'ஹெவி', டிராஃபிக்கும் 'ஹெவி', டீ மட்டும் 'ஸ்ட்ராங்'. மாணவரின் சொந்த வாழ்க்கையைச் சுற்றியுள்ள சொற்களும் வேண்டும். போர்வெல் வற்றிப்போனதைப் பற்றியும் ஷேர் ஆட்டோவில் கல்லூரி போவதைப் பற்றியும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்தத் தலைப்பும் அந்நியமாக இருக்காது. கோலம், ஆடிப்பெருக்கு, பந்தி என்று நம் ஊர்ச் சொற்களைத் தயங்காமல் சொல்லலாம். கூடவே ஒரு வரியில் விளக்கிவிட வேண்டும்.

மூன்றாம் பகுதியில் எல்லோரும் தடுமாறுகிறார்களே?

வீட்டிலும் பள்ளியிலும் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கப்படாத பிள்ளைகள் இவர்கள். ஆகவே கருத்து சொல்வதையே பழக்க வேண்டியிருக்கிறது. கேள்வியை முதலில் தமிழில் போட்டு வகுப்பை விவாதிக்க விடுங்கள். 'அக்கம்பக்கத்தாரோடு பேசுவது முன்பைவிடக் குறைந்துவிட்டதா, ஏன்?' என்று கேட்டால், திண்ணை போய் அபார்ட்மென்ட் வந்தது, இருவரும் வேலைக்குப் போவது, மாலையில் டிவியும் போனும் என்று பத்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். யோசனை இல்லாத சிக்கலையும் ஆங்கிலம் இல்லாத சிக்கலையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் இரண்டுமே சிறியதாகிவிடும்.

பதிலுக்கு ஒரு வழி: கருத்து, காரணம், கண்ணால் பார்த்த ஓர் எடுத்துக்காட்டு, பிறகு மறுபக்கமும் உண்டு என்று ஒரு வரி. இதையும் சூத்திரமாக ஆக்கிவிடாதீர்கள். 'தெரியவில்லை' என்பதும் பதில்தான், ஏன் தெரியவில்லை என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னால்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது எட்டுமா?

எட்டும். அவர்களுக்கு வாசிப்பிலும் எழுத்திலும் பழக்கம் குறைவாக இருக்கலாம், ஆனால் சொல்வதற்கு விஷயமும் கதை சொல்லும் திறனும் பெரும்பாலும் நிறைய இருக்கிறது. கான்வென்ட் பிள்ளைகள் முன்னால் பேசக் கூச்சப்படுவதுதான் பெரிய தடை. முதல் வாரங்களில் வகுப்பின் முன்னால் நிறுத்தாதீர்கள். இருவர் இருவராகப் பேசட்டும், பிறகு நால்வர். போனில் ஒரு நிமிடம் பதிவுசெய்து உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். உங்கள் பதிலையும் குரலாகவே அனுப்புங்கள்.

முப்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் நேரம் எப்படி ஒதுக்குவது?

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் தேர்வாளர், ஒருவர் பேசுபவர், ஒருவர் கவனிப்பவர். கவனிப்பவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள், 'இறந்தகால ஒலி வந்ததா' அல்லது 'எங்கே நீண்ட நிறுத்தம்' என்று. சுற்றி வந்து மூன்று வேடமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். தேர்வாளராக உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு, நீட்டிப் பதில் சொல்வது ஏன் முக்கியம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

வீட்டுக்கு ஒரே வேலை: தன் பதிவில் ஒரு நிமிடத்தைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே எழுதிவந்து, பிழைகளைத் தானே அடிக்கோடிட வேண்டும்.

தேர்வாளர் நடுவில் நிறுத்திவிட்டால், அல்லது சிரிக்கவே இல்லையென்றால்?

நேரம் முடிந்தால் நிறுத்துவார். அது குறை அல்ல. முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது அவர் வேலையின் பகுதி. 'குட்' என்று பாராட்டவும் மாட்டார். இதை முன்பே சொல்லி, மாதிரித் தேர்வில் நீங்களும் அப்படியே உட்காருங்கள். எப்போதும் தலையாட்டி ஊக்கப்படுத்தும் ஆசிரியரிடமே பேசிப் பழகியவர் அங்கே போய் உடைந்துபோகிறார்.

கேள்வி காதில் விழவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம், மார்க் குறையாது. மூன்றாம் பகுதியில் வேறு சொற்களில் கேட்கச் சொல்லலாம். புரியாமலே ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்வதுதான் ஆபத்து.

வீடியோ காலில் தேர்வு வைத்தால்?

தேர்வு மையத்துக்குப் போய்த்தான் பேச வேண்டும், தேர்வாளர் திரையில் வருவார். தேர்வு முறையும் மதிப்பெண்ணும் மாறாது. ஓரிரு மாதிரித் தேர்வை அப்படி நடத்திவிடுங்கள், பழகிவிடும்.

நர்ஸ்களுக்கு ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதச் சொல்லலாமா?

மருத்துவமனையில் நோயாளிகளோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகியவராக இருந்தால் யோசிக்கலாம். அதன் ஸ்பீக்கிங்கில் பொதுத் தலைப்பு கிடையாது. இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். மார்க் போடுபவர் அவர் அல்ல, பதிவைக் கேட்கும் வேறு மதிப்பீட்டாளர்கள். மொழியோடு, நோயாளியின் கவலையைக் கேட்டுக்கொள்வது, தகவலைச் சிறு சிறு பகுதியாகச் சொல்வது, புரிந்ததா என்று உறுதிசெய்வது ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நம் நர்ஸ்கள் அறிவுரையைக் கடகடவென்று கொட்டிவிடுவார்கள், அவசர வார்டில் வேலை பார்த்த பழக்கம். முதலில் கேட்டு, பிறகு சொல்லும் பழக்கத்தை அவர்களுக்குக் கொண்டுவருவதே பாதி வேலை.

எத்தனை நாளில் தயார்செய்ய முடியும்?

தேர்வு முறை தெரியாததால் மட்டும் குறைந்த பேண்ட் வாங்கியவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் போதும். மொழியே போதாமல் இருப்பவர்களுக்கு மாதங்கள் ஆகும், அதை முதல் நாளே வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். நகையை அடகுவைத்துத் தேர்வுக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. மாதிரித் தேர்வில் தேவையான பேண்ட் தொடர்ந்து வரும் வரை தேதி வாங்கவேண்டாம் என்று சொல்வது உங்கள் கடமை.

எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்துவிட்டது. மறுமதிப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். தேர்வுத் தேதியிலிருந்து 6 வாரத்துக்குள் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், ஒலிப்பதிவை மூத்த தேர்வாளர் ஒருவர் மறுபடி கேட்டு மதிப்பிடுவார். பேண்ட் உயர்ந்தால் கட்டணம் திரும்பி வரும். மற்ற மூன்றிலும் நன்றாக வாங்கி ஸ்பீக்கிங்கில் மட்டும் அரை பேண்ட் குறைந்திருந்தால், மாதிரித் தேர்வுகளிலும் அதற்கு மேல் தொடர்ந்து வாங்கியவர் என்றால், முயன்று பார்க்கலாம். கம்ப்யூட்டரில் தேர்வு எழுதியவருக்கு 60 நாளுக்குள் அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதியும் இருக்கிறது; அந்தச் சான்றிதழை எல்லா இடங்களிலும் ஏற்பதில்லை என்பதால், பணம் கட்டும் முன் விண்ணப்பிக்கும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். விசா நேர்காணல், கல்லூரிச் சேர்க்கைத் தேதிகளை அதோடு வைத்துப் பார்த்து, மறுதேர்வுத் தேதியை மாணவரோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள்.